வெள்ளைக் காரில் வழியும் ஊதாக் கோடுகள்

தம்முடைய வெள்ளைக் காரை டீடெயிலிங் கடையில் (வண்டியை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் இடம்) விட்டிருந்த வாசகர் ஒருவர், ஊழியர் ஒரு திரவத்தைத் தெளித்த சில நிமிடங்களில் கதவெங்கும் ஊதாக் கோடுகள் வழிந்ததைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். பெயிண்ட் கரைகிறதா என்பது அவருடைய முதல் கேள்வி. கழுவிய பின்னும் கதவின் அடிவிளிம்பில் தங்கிவிட்ட செந்நிறத் தடங்கள் போகுமா என்பது இரண்டாவது.

பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரைந்து வழிந்தது இரும்பு. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் வார்ப்பிரும்பு டிஸ்க்கிலிருந்தும் பேடிலிருந்தும் நுண்துகள்கள் சூடாகத் தெறிக்கின்றன. ரயில் பாதையோரம் நிறுத்தப்படும் வண்டிகளின் மேல் தண்டவாளத் துகள்களும் சேர்ந்து படிகின்றன. பெயிண்டின் மேல் பூசப்படும், ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான் தடிமனே உள்ள நிறமற்ற பாதுகாப்புப் படலமான கிளியர் கோட்டில் இவை பதிந்து, ஈரம் பட்டுத் துருப்பிடித்து, பருத்து, ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும். ஷாம்பு இவற்றை அசைக்காது.

இந்தத் துகள்களைக் கரைக்கத்தான் ஊழியர் அந்தத் திரவத்தைத் தெளித்தார். இத்தகைய திரவங்கள் பெரும்பாலானவற்றில் வேலை செய்வது தையோகிளைகாலேட் என்ற உப்பு. முடியைச் சுருளாக்கும் கரைசலிலும், முடி நீக்கும் கிரீமிலும் இருப்பது இதே வகைச் சேர்மம்தான். டீடெயிலிங் கடையில் மூக்கைத் துளைக்கும் அந்தக் கந்தக நெடிக்கும் இதுவே காரணம். இதன் மூலக்கூறு மிகச் சிறியது. அதன் ஒரு முனையில் கந்தகமும் மறுமுனையில் ஆக்சிஜனும் இருப்பதால், நண்டு தன் இரு கொடுக்குகளால் கவ்வுவதுபோல இரும்பு அயனியை இருபுறமும் பற்றி, ஐந்து அணுக்கள் கொண்ட வளையமாக மூடிக்கொள்கிறது. நீரில் கரையாத துருவிலிருந்து இரும்பு இவ்வாறு நீரில் கரையும் அணைவுச் சேர்மமாக வெளியேறுகிறது. வலுவான அமிலம் செய்யக்கூடிய இந்த வேலையை, நடுநிலைக்கு நெருக்கமான ஒரு கரைசல் கிளியர் கோட்டைத் தொடாமல் செய்துவிடுவதே இதன் அழகு.

நிறம் பிறக்கும் விதம் இதைவிட அழகானது. கந்தகத்திடம் எலக்ட்ரான் தாராளமாக இருக்கிறது; மூன்று நேர்மின்சுமை கொண்ட பெர்ரிக் இரும்புக்கு எலக்ட்ரான் தேவைப்படுகிறது. ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் கந்தகத்திலிருந்து இரும்பை நோக்கித் தாவுகிறது. அந்தத் தாவலுக்கு வேண்டிய ஆற்றல் பச்சை ஒளியில் உள்ளதால், அணைவு பச்சையை விழுங்கிவிட, எஞ்சிய சிவப்பும் நீலமும் கலந்து நம் கண்ணுக்கு ஊதாவாகத் தெரிகின்றன. காற்றுப் புகாமல் மூடிய குப்பியில் இந்த நிறம் மெல்ல மங்கும். ஏனெனில் கந்தகம் காலப்போக்கில் எலக்ட்ரானை நிரந்தரமாகவே கொடுத்து, பெர்ரிக் இரும்பை இரண்டு நேர்மின்சுமை மட்டுமே கொண்ட பெர்ரஸ் இரும்பாக மாற்றிவிடுகிறது. குப்பியைத் திறந்து குலுக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ள, ஊதா மீண்டும் வரும். கதவின் மேல் மெல்லிய படலமாக வழியும் திரவத்துக்குக் காற்று எப்போதும் கிடைப்பதால்தான் நிறம் அங்கே நிலைத்து நிற்கிறது. மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் இந்தச் சோதனையைச் செய்துகாட்ட ஆகும் செலவு மிகக் குறைவு. இருந்தும் அணைவுச் சேர்மங்களைப் பாடப்புத்தகப் படங்களிலேயே முடித்துவிடுகிறோம் என்பது என் ஆதங்கம்.

ஊதா அதிகமாக வழிந்தால் வண்டிக்கு ஆபத்து அதிகம் என்று சொல்லி விலை கூடிய கோட்டிங்கை விற்பவர்கள் உண்டு. ஊதா நிறம் இரும்பு இருப்பதை மட்டுமே காட்டும்; அதே அளவு இரும்பு கறுப்புக் காரில் இருந்தால் அது கண்ணிலேயே படாது. உடலின் நச்சை உறிஞ்சுவதாகக் கூறி விற்கப்படும் மின் கால்தொட்டியில் நீர் பழுப்பாவதும் அதன் மின்முனைகளிலுள்ள இரும்பு துருப்பிடிப்பதால்தான். அதை நம்பிக் கால் நனைப்பவர்களிடம் நான் வாதாடிக் களைத்திருக்கிறேன்.

தங்கிவிட்ட தடங்களுக்குக் காரணம், பெரும்பாலும், திரவம் கழுவப்படுவதற்கு முன்பே உலர்ந்துபோனதுதான். வெயிலில் சூடேறிய தகட்டில் நீர் ஆவியாகிவிட, இரும்பு அணைவும் உப்புகளும் விளிம்பில் படிந்துவிடும். வண்டியை நிழலில் நிறுத்தித் தகடு ஆறிய பின், அதே திரவத்தை அந்த இடத்தில் மீண்டும் தெளித்து, உலரவிடாமல் மைக்ரோஃபைபர் துணியால் மென்மையாகத் துடைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அவை பெரும்பாலும் கரைந்துவிடும். வெள்ளை வளையங்கள் எஞ்சினால் அவை போர் தண்ணீரின் சுண்ணாம்பு உப்பாக இருக்கலாம். அதற்கு நீர்த்த வினிகர் போதும். ஆனால் முதல் திரவத்தை முழுவதும் கழுவிய பிறகே அதைப் பூச வேண்டும், வினிகரையும் உடனே கழுவிவிட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் தடம் விரல்நகத்தில் பள்ளமாகத் தட்டுப்பட்டால், அது கிளியர் கோட்டையே அரித்த காயம். அதற்குப் பாலிஷ்தான் வழி, அதுவும் அந்த 40 மைக்ரானிலிருந்து கொஞ்சத்தைத் தேய்த்தெடுத்துத்தான்.