நீலவாலும் நீலக்கன்னமும்: இரு பஞ்சுருட்டான்களைப் பிரித்தறிவது எப்படி?

நீலவால் பஞ்சுருட்டானும் நீலக்கன்னப் பஞ்சுருட்டானும் பூச்சிகளை உண்ணும், மிக நெருங்கிய உறவுடைய பறவை இனங்கள். இவ்விரண்டையும் மடகாஸ்கரில் வாழும் ஆலிவ் பஞ்சுருட்டானோடு சேர்த்து ஒரே இனமாகக் கருதிய வகைப்பாட்டியலாளர்களும் இருந்தனர். பச்சை உடல், கண்ணின் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டை, மஞ்சள் மோவாய், செம்பழுப்புத் தொண்டை, வாலின் நடுவிலிருந்து நீளும் இரு மெல்லிய இறகுகள் ஆகிய யாவும் இரண்டுக்கும் பொது.

நீலவாலில் முதுகின் கீழ்ப்பகுதியும் வாலும் தெளிவான நீலம். நீலக்கன்னத்தில் வால் பச்சை. ஆனால் கம்பியில் அமர்ந்த பறவையைக் கீழிருந்து பார்க்கும்போது இரண்டின் வாலும் சாம்பல் நிறமாகவே தெரியும் என்பதால், முகத்தைப் பார்ப்பதே நம்பகமான வழி என்பது என் கருத்து. நீலக்கன்னத்தின் நெற்றியில் வெண்மை படர்ந்திருக்கும். கறுப்புப் பட்டைக்கு மேலும் கீழும் வெளிர்நீலம் அகலமாக ஓடும். நீலவாலுக்கு அந்த வெண்ணெற்றி இல்லை. தொண்டையின் செம்பழுப்பும் அதில் இன்னும் பரந்திருக்கும். வால் இறகு நீட்சி நீலக்கன்னத்தில் பெரும்பாலும் அதிகம் என்றாலும், இளம் பறவைகளில் அது வளர்ந்திருக்காது.

வேட்டை முறையில் இவற்றைப் பிரிக்க இயலாது. இரண்டுமே தும்பி, தேனீ, குளவி ஆகியவற்றை வானிலேயே பிடித்து, அமர்விடத்துக்குக் கொண்டுவருகின்றன. கொட்டும் பூச்சியானால், அதன் தலையை முதலில் கிளையில் அடித்து, பிறகு அலகால் அதன் வால்முனையைப் பற்றிக் கிளையில் திரும்பத் திரும்பத் தேய்க்கின்றன. அந்த அழுத்தத்தில் நஞ்சு பிதுங்கி வெளியேற, கொடுக்கும் பிய்ந்துபோகிறது. நஞ்சு தெறித்துவிடாதபடி அவ்வேளையில் கண்களை மூடிக்கொள்வதும் உண்டு. செரிக்காத கடினமான பூச்சியோடுகளைப் பின்னர் உருண்டைகளாகக் கக்கிவிடுகின்றன.

பரவலில்தான் வேறுபாடு பெரிது. நீலக்கன்னம் வடஆப்பிரிக்காவிலிருந்து மேற்கு, மத்திய ஆசியா வரையிலான வறண்ட நிலங்களில், பெரும்பாலும் நீர்நிலைகளை ஒட்டி, இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்தை வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் கழிக்கிறது. நீலவால் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவுக்கு உரியது. ஆற்றங்கரை மணல்மேடுகளில் பெருங்கூட்டமாக வளை தோண்டி முட்டையிடுகிறது. இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் இவற்றின் இனப்பெருக்க எல்லைகள் ஒன்றோடொன்று படிகின்றன. அங்கும் இரண்டும் தத்தம் அடையாளம் கலங்காமல் வாழ்வதால், இவற்றைத் தனித்தனி இனங்களாகக் கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.