முட்டைக்குள் முதல் மூச்சு

மட்டக்களப்பு வாவிப் பக்கம் களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "போன மாரியில் இன்கியூபேட்டரில் 12 முட்டை வைத்தேன். சூடு சரி. தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு நாளும் வற்றவிடவில்லை. 3 குஞ்சுதான் பொரித்தது. மற்றதை உடைத்துப் பார்த்தால் எல்லாம் முற்றிய குஞ்சு, உள்ளேயே செத்துக் கிடக்கிறது. அதே வளவில் அடைக்கோழி 10க்கு 9 பொரித்துவிட்டது. என்ன பிழை?"

கிண்ணத்தை வற்றவிடாததுதான் பிழை என்று எனக்குச் சந்தேகம்.

21 நாள், காற்றாடி வைத்த பொறியென்றால் 37.5 பாகை, 18ஆம் நாள் வரை தினமும் சில தடவை உருட்டுவது: இவை தெரிந்த சங்கதி. நாம் மறப்பது, முட்டை காய வேண்டும் என்பதை. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. 60 கிராம் முட்டை 18ஆம் நாளில் ஏறக்குறைய 53 கிராமுக்கு இறங்கியிருக்க வேண்டும். குறைந்ததெல்லாம் தண்ணீர். அந்த இடத்தைக் காற்று பிடித்து, மழுங்கிய பக்கத்தில் ஒரு காற்றறை பெருக்கிறது. இருட்டில் போன் டோர்ச்சைப் பிடித்தால் தெரியும்.

அந்த அறை எதற்கு? அதுவரை குஞ்சுக்கு நுரையீரல் வேலையே இல்லை. ஓட்டை ஒட்டிப் படர்ந்த இரத்தக் குழாய் வலைதான் துளைகள் வழியாகப் பிராணவாயுவை வாங்கும். 19ஆம் நாளளவில் குஞ்சின் தேவைக்கு அது போதாது. கரியமிலவாயு ஏறுகிறது, கழுத்துத் தசை வெட்டி இழுக்கிறது, அலகு உள்சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் நுழைகிறது. முதல் மூச்சு அங்கேதான்! ஓடு இன்னும் உடையவில்லை. ஆனால் உள்ளே குஞ்சு கத்துகிறது. சின்ன வயதில் பெரியம்மா அடைக்கோழியின் கீழிருந்து ஒரு முட்டையை எடுத்து என் காதில் வைத்தார். 'கீச்' என்றது. கோழி 'க்ளக்' என்று பதில் சொன்னது. அந்தக் காற்றும் சில மணி நேரத்தில் கெட்டுவிட, மூச்சு முட்டித்தான் குஞ்சு ஓட்டைக் குத்துகிறது.

காற்றறை சிறுத்திருந்தால், சவ்வைக் கிழிக்கும் அலகுக்குக் காற்றுக்குப் பதில் நீர்தான் கிடைக்கும்.

சூடு ஏறி இறங்கினாலும் கரண்ட் போனாலும் குஞ்சு சாகும்தான். ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். 26 பாகையில் 85 சதவீத ஈரப்பதமுள்ள நம் மாரிக் காற்றை 37.5க்குச் சூடாக்கினால், கிண்ணம் இல்லாமலே ஏறக்குறைய 44 சதவீதம் வரும். தேவை 50 சொச்சம்தான். 5 பாகைக் குளிர்நாட்டுக் காற்று அதே சூட்டில் 15ஐக்கூடத் தொடாது. அங்கே எழுதிய கையேட்டை வாவிக்கரையில் வைத்துக்கொண்டு கிண்ணம் நிரப்பினால் இதுதான் கதி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை விவசாய பீடம் போன்ற இடங்களில் இப்படியான சின்னச் சோதனைகளுக்குக் காசு ஒதுக்கலாம். ஒரு தராசும் ஈரமானியும் போதும்.

இடியில் முட்டை கூழாகிவிடும் என்று பெரியம்மா அடையில் இரும்பாணி வைப்பார். ஆணியால் ஒன்றும் ஆகாது. ஆனால் இடி இடிக்கும் மாதம் ஈர மாதம்; அவர் கண்டது பொய்யில்லை, காரணம்தான் வேறு. கோழி கிண்ணமும் வைப்பதில்லை, தினம் ஒருமுறை எழுந்துபோய்க் காற்றும் விடுகிறது.

இம்முறை முட்டைகளை வாரம் ஒருமுறை நிறுங்கள். எடை இறங்காவிட்டால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். 18ஆம் நாளுக்குப் பிறகு கிண்ணத்தை நிரப்பி ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோங்கள், கிழிந்த சவ்வு காய்ந்து குஞ்சில் ஒட்டாமலிருக்க. அதன்பின் மூடியைத் திறக்க வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.