ரீஜனல் ஏர்லைன்: பிராந்தியமா, வட்டாரமா?

ஐரோப்பிய விமானச் செய்திகளைத் தமிழில் படிக்கிறவர்களுக்குப் ‘பிராந்திய விமான நிறுவனம்’ என்ற தொடர் பழகிப்போயிருக்கும். ரீஜனல் ஏர்லைன் என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். சிலர் ‘உள்நாட்டு விமான நிறுவனம்’ என்றே எழுதிவிடுகிறார்கள். இரண்டையும் விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

‘ரீஜன்’ லத்தீனின் ‘ரெகியோ’விலிருந்து வந்தது. அதற்குத் திசை, எல்லைக்கோடு, கோட்டுக்குள் அடங்கிய நிலப்பகுதி என்று பொருள். வேரைப் பற்றி இது போதும். விமானத் துறையில் ரீஜனல் ஏர்லைன் என்றால், சிறு விமானங்களை வைத்துக்கொண்டு, பெரிய நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாத குறுந்தொலைவு வழிகளில், ஒரு நிலப்பகுதியின் ஊர்களைத் தங்களுக்குள்ளும் பெருநகரத்தோடும் இணைக்கிற நிறுவனம்.

ஸ்காட்லாந்தின் லோகன்ஏர் இதற்குச் சரியான சான்று. வில்லி லோகன் என்ற கட்டுமானத் தொழிலதிபர் 1962இல் பைப்பர் ஆஸ்டெக் என்ற சிறு விமானத்தை வைத்து வாடகைச் சேவையாகத் தொடங்கியது அது. 1967இல் ஆர்க்னி தீவுகளுக்கிடையே பறக்கத் தொடங்கியது. அங்கே வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவு 3 கிலோமீட்டர்கூட இல்லை. அட்டவணையில் 2 நிமிடம், காற்று வாகாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இறங்கிவிடலாம். அதில் ஓடும் ஐலண்டர் விமானத்தில் விமானிக்குப் பக்கத்து இருக்கையில்கூடப் பயணி உட்காரலாம். ஆசிரியர்களும் மருத்துவர்களும் அதில் ஏறித் தீவு விட்டுத் தீவு வேலைக்குப் போகிறார்கள். பாரா தீவில் ஓடுபாதையே கடற்கரை மணல்தான். கடல் ஏறினால் அது முழுகிவிடும் என்பதால் ஓதம் பார்த்து நேர அட்டவணை போடுகிறார்கள்.

இப்படிப்பட்ட சேவையைப் ‘பிராந்தியம்’ என்றால் என்ன மனப்படம் எழும்? ஆசிய பசிபிக் பிராந்தியம், வளைகுடாப் பிராந்தியம் என்றுதானே நாம் அந்தச் சொல்லைப் படித்துப் பழகியிருக்கிறோம்? பல நாடுகள் அடங்கிய பெரும்பரப்பு அது. இலங்கையில் பிராந்திய அலுவலகம் என்று சிறிய அளவிலும் புழங்குகிறது. அங்குள்ள வாசகருக்கு இந்தக் குழப்பம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘பிராந்தம்’ என்றால் வடமொழியில் ஓரம், விளிம்பு. நாட்டின் ஓரத்துத் தீவுகளுக்குப் பறக்கும் நிறுவனத்துக்கு அது பொருந்தும்தானே என்று கேட்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிராந்தியம் என்று படித்ததும் ‘ஓரம்’ என்று எடுத்துக்கொள்கிற தமிழர் யார்? அகராதியில் உறங்கும் பொருளை நம்பிச் செய்தி எழுத முடியாது.

‘மண்டல விமான நிறுவனம்’ என்றும் பார்க்கிறேன். அதில் வேறு சிக்கல். மண்டலம் என்றால் எங்கோ ஒரு தலைமையகம், அதன்கீழ் இது ஒரு கிளை என்று தோன்றும். லோகன்ஏர் 1994 முதல் 2008 வரை பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெயரிலும், பிறகு ஃப்ளைபி என்ற இன்னொரு பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் பெயரிலும் பறந்தது உண்மை. அது ஓர் ஒப்பந்த ஏற்பாடு. 2017இல் தன் பெயருக்கே திரும்பிவிட்டது. 2020 மார்ச்சில் ஃப்ளைபி மூழ்கியபோது அது விட்டுப்போன வழிகள் பலவற்றை லோகன்ஏர் எடுத்துக்கொண்டது. கிளை என்றால் இதெல்லாம் நடக்குமா?

‘உள்நாட்டு’ என்பது தெளிவான பிழை. சுவிட்சர்லாந்தின் கிராஸ்ஏர் 1979இல் அட்டவணைச் சேவையைத் தொடங்கியபோதே ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் பறந்தது. லோகன்ஏரும் நார்வேக்குப் பறந்திருக்கிறது. எல்லை தாண்டினாலும் அவை ரீஜனல்தான்.

சரி, எந்தச் சொல்? வட்டாரம். புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை. ஓட்டுநர் உரிமம் எடுக்க எல்லோரும் போகிற அலுவலகத்தின் பெயர்ப்பலகையைப் பாருங்கள்: வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அந்த ஆர்.டி.ஓ.வில் உள்ள ‘ஆர்’ ரீஜனல்தான். தரையில் ஓடுகிற வண்டிக்கு வட்டாரம், பறக்கிறதற்கு மட்டும் பிராந்தியம் என்பது என்ன கணக்கு? வட்டம் என்ற நம் சொல்லையொட்டி வந்தது அது. ஓர் ஊரைச் சுற்றிய பகுதி என்று எவருக்கும் புரியும். வட்டார வழக்கு என்கிறோம். அது எவ்வளவு பரப்பு என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஆகவே ‘வட்டாரம் சின்னது’ என்ற மறுப்பு நிற்காது.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் என் வருத்தம் இதுதான்: ஒரு சொல்லுக்கு ஒரே நிகர்ச்சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு எல்லா இடத்திலும் ஒட்டுகிறார்கள். அதனால்தான் ரீஜனல் ஜெட் என்பதும் ‘பிராந்திய ஜெட்’ ஆகிறது. அங்கே ரீஜனல் முதன்மையாகச் சொல்வது விமானத்தின் அளவை. ஐம்பது பேர், நூறு பேர் ஏறுகிற ஜெட் அது. அதற்கு ‘வட்டார ஜெட்’ என்றுகூட எழுதத் தேவையில்லை. சிறு ஜெட் என்றால் போதும்.