விஞ்ஞானம்: பாடப்புத்தகத்துக்கு முன் எங்கே இருந்தது?

கொழும்பில் தமிழ் மொழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆறாம் தரத்தில் கிடைக்கும் பாடப்புத்தகத்தின் பெயர் ‘விஞ்ஞானம்’. கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் ‘விஞ்ஞான பீடம்’ என்றுதான் சொல்கிறோம். தமிழ்நாட்டில் இதே பாடம் ‘அறிவியல்’.

விஞ்ஞானம் வடமொழிச் சொல். ஞானம் என்றால் அறிவு; முன்னால் உள்ள ‘வி’ பிரித்து, வேறுபடுத்தி என்ற பொருளைத் தரும். பிரித்தறியும் அறிவு என்றால் ஆய்வுகூடத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சொல் நெடுங்காலம் வாழ்ந்தது சமய நூல்களில். தைத்திரீய உபநிடதம் சொல்லும் ஐந்து கோசங்களில், அதாவது ஆன்மாவை மூடியிருக்கும் உறைகளில், நான்காவது விஞ்ஞானமய கோசம். சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிணிக்கும் மூன்று மலங்களில் ஆணவ மலம் ஒன்றை மட்டும் உடைய உயிர்கள் விஞ்ஞானகலர். மனிதரை ஆக்கும் கூறுகளாகப் பௌத்தம் சொல்லும் ஐந்து கந்தங்களில் கடைசியானதும் இதுதான், பாளியில் ‘விஞ்ஞாண’. அங்கே அதன் பொருள் அறியும் உணர்வு. பன்சலையில் (பௌத்த விகாரையில்) ‘பண’ என்னும் தர்ம உபதேசம் சொல்லும்போது காதில் விழும் ‘விஞ்ஞாணய’ அதுவே. சிங்களத்தில் பள்ளிப் பாடத்துக்கு ‘வித்யாவ’ என்று தனிச் சொல் இருப்பதால் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. நமக்கு உண்டு.

கீதையின் ஏழாம் அத்தியாயத்துக்கு ‘ஞான விஞ்ஞான யோகம்’ என்று பெயர். இதைக் காட்டி, சயன்ஸ் அன்றே நம்மிடம் இருந்தது என்று வாதிடுபவர்கள் பலர். அங்கே விஞ்ஞானம் என்பதற்குச் சங்கரர் சொல்லும் பொருள் சொந்த அனுபவம். நூலிலும் குருவிடமும் கேட்டதோடு நின்றுவிடாமல் தானே உணர்வது. அது பெரிய விஷயம், நான் மதிக்கும் விஷயம். ஆனால் அந்த அனுபவம் உணர்ந்தவருக்கே உரியது. பௌதிகவியலில் அப்படி இல்லை. ஒருவர் கண்ட முடிவை, அவரைத் துளியும் நம்பாத இன்னொருவர் வேறொரு ஆய்வுகூடத்தில் செய்து பார்க்க முடிய வேண்டும். பொருந்தாவிட்டால் அந்த முடிவைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. இப்படி வாதிடும்போது கீதையும் சரியாக விளங்காமல் போகிறது, சயன்ஸும் விளங்காமல் போகிறது.

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? பௌத்தப் பொருளுக்கு மணிமேகலையிலேயே சொல் இருக்கிறது. துன்பம் எப்படித் தோன்றுகிறது என்று பௌத்தம் காட்டும் காரணச் சங்கிலியான பன்னிரு சார்புகளைப் பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு என்று அடுக்கும்போது விஞ்ஞாணம் ‘உணர்வு’ ஆகிறது. எவ்வளவு தெளிவான தமிழாக்கம்! கீதைப் பொருளுக்கு ‘அனுபவ அறிவு’ போதும்.

பாடத்துக்கு ‘அறிவியல்’தான் என் தெரிவு. ஆன்மிக அறிவும் அறிவுதானே, அது இதில் அடங்காதா என்று சிலர் கேட்பார்கள். அதற்கு ‘இயல்’ என்ற பின்பாதி பதில் சொல்கிறது. உயிரியல், பொருளியல், அளவையியல் என்று உயர்தரப் பாடங்களுக்கு நாமே பெயர் வைத்திருக்கிறோம். முறைப்படுத்திய ஒரு துறை என்பதை அந்த ‘இயல்’ உணர்த்திவிடுகிறது.

பரீட்சைத் தாளில் பிள்ளைகள் விஞ்ஞானம் என்றே எழுதட்டும், அங்கே அதற்கு வேறு பொருள் வராது. சமயமும் ஆய்வும் சேர்ந்து வரும் கட்டுரையிலோ பேச்சிலோ ஆய்வுத் துறையை அறிவியல் என்றே குறிப்பிடுவது நல்லது.