இற்றைப்படுத்தல்: 'அப்டேட்' என்பதன் தமிழ்

சொந்தமாக இணையதளம் வைத்திருக்கும் ஒருவர் "சைட்டைப் புதுப்பிச்சாச்சு" என்றால், என்ன செய்தார் என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். டொமைனுக்கு, அதாவது தளத்தின் முகவரிப் பெயருக்கு, அடுத்த ஆண்டுக் கட்டணம் கட்டியிருக்கலாம். எழுத்துரு, நிறம், முகப்பு எல்லாவற்றையும் மாற்றியிருக்கலாம். புதுக் கட்டுரை ஏற்றி, பழைய விவரங்களைத் திருத்தியிருக்கலாம். ஆங்கிலத்தில் இவை முறையே ரினியூவல், ரீடிசைன், அப்டேட். தமிழில் மூன்றுக்கும் 'புதுப்பித்தல்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதற்கென்றே அருமையான சொல் ஒன்று இருக்கிறது: இற்றைப்படுத்தல்.

'அப்டேட்' என்ற வினை 'அப் டு டேட்' என்ற தொடரிலிருந்து பிறந்தது. அந்தத் தொடர் 19ஆம் நூற்றாண்டில் கணக்கெழுதுவோர் வழக்கிலிருந்து பரவியதாகக் கருதப்படுகிறது. பேரேட்டில் அன்றைய தேதி வரை வரவு செலவு ஏறியிருக்கிறது என்பது பொருள். 'டேட்' இன்னும் பழையது. ரோமானியர் கடிதத்தில் 'இன்ன ஊரில், இன்ன நாளில் கொடுக்கப்பட்டது' என்று குறிப்பார்கள். கொடுக்கப்பட்டது என்பதற்கான லத்தீன் சொல்லே தேதியைக் குறிக்கலாயிற்று.

இனி இற்றை. இன்று என்பதன் இன்னொரு வடிவம் அது. இன்று, அன்று போன்ற மென்றொடர்க் குற்றியலுகரச் சொற்கள் வேறு சொல்லோடு சேரும்போது மெல்லின ஒற்று வல்லினமாகி, ஐகாரமும் ஏறும்: அன்று + கூலி = அற்றைக்கூலி, இன்று + நாள் = இற்றைநாள். புறநானூறு 112இல் பாரி மகளிர், தந்தையும் குன்றும் தங்களிடம் இருந்த மாதத்தை 'அற்றைத் திங்கள்' என்றும், இரண்டையும் இழந்து நிற்கும் மாதத்தை 'இற்றைத் திங்கள்' என்றும் பாடுகிறார்கள். திருப்பாவையில் ஆண்டாள் 'இற்றைப் பறைகொள்வான் அன்றுகாண்' என்கிறாள். 'இற்றைக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்' என்று உரைநடையிலும் எழுதிவருகிறோம். இத்தனை காலம் புழங்கிய சொல்லைப் புதிதாகப் புனைந்தது என்று ஒதுக்குவது நியாயமில்லை.

'இற்றுப்போன' என்பதுபோல் ஒலிக்கிறதே என்று சிலர் தயங்குவதுண்டு. அந்த இற்று 'இறு' என்ற வினையடியிலிருந்து வருவது. இதற்கும் அதற்கும் உறவில்லை. பத்திரங்களில் வரும் 'நாளது தேதி வரை' பொருளில் மிக நெருங்கியது என்றாலும் அதிலிருந்து ஒரு வினையை எளிதாக ஆக்க முடியவில்லை. கைபேசிச் செயலிகளில் 'புதுப்பி' நிலைத்துவிட்டது. மென்பொருளுக்கு அது இருக்கட்டும். உரிமம், சந்தா, டொமைன் போன்றவற்றுக்கும் அதுவே சரி.

தனிநபர் தளத்தில் முதலில் பழசாவது 'என்னைப் பற்றி' பக்கம். வேலை மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும். பக்கம் மட்டும் பழைய அலுவலகத்திலேயே உட்கார்ந்திருக்கும். இதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு. எழுத்தாளரும் தொழில்முனைவோருமான டெரெக் சிவர்ஸ் 2015இல் தன் தளத்தில் 'இப்போது' என்றொரு பக்கம் தொடங்கினார். தற்சமயம் எதில் ஈடுபட்டிருக்கிறார் என்பதை மட்டும் சொல்லும் பக்கம் அது. பலரும் அதைப் பின்பற்றினார்கள். இற்றை என்ற சொல்லின் முழுப்பொருளும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது.

உள்ளே ஒரு வரிகூட மாற்றாமல் மேலே தேதியை மட்டும் மாற்றுவதை இற்றைப்படுத்தல் என்று சொல்லவே கூடாது. படிப்பவரை ஏமாற்றும் வேலை அது. செத்துப்போன இணைப்பை நீக்குவது, மாறிவிட்ட விலையைத் திருத்துவது, தவறான தகவலைச் சரிசெய்து அதைக் குறிப்பிடுவது ஆகியவை, புதுக் கட்டுரை ஏதும் ஏறாவிட்டாலும், இற்றைப்படுத்தல்தான்.

வினையாக 'இற்றைப்படுத்து', பெயராக 'இற்றை' என்றாலே போதும். பக்கத்தின் அடியில் 'கடைசி இற்றை' என்று எழுதித் தேதியைப் போடலாம். 'இற்றைப்படுத்தப்பட்டது' என்று நீட்ட வேண்டியதில்லை.