மூட்டிய அடித்துணி: ‘பீஸ்டு பேக்கிங்’ தமிழில்

‘பேக்கிங்’ என்று தமிழில் எழுதினால் மூன்று வேலைகள் நினைவுக்கு வரும். கேக் சுடுவது, பார்சல் கட்டுவது, அப்புறம் நாம் பேசப்போகும் இந்தத் தையல் வேலை. தமிழ்ச்சொல் தேட இந்தக் குழப்பம் ஒன்றே போதும்.

குவில்ட் என்ற போர்வைக்கு மூன்று அடுக்கு. மேலே முகத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே இன்னொரு துணி. இந்தக் கீழ்த்துணிதான் பேக்கிங். மிஞ்சிய துணிகளைச் சேர்த்துத் தைத்து அதை உருவாக்கினால் ‘பீஸ்டு பேக்கிங்’.

குவில்ட் என்றாலே துண்டுத்துணிப் போர்வை என்று பலர் நினைக்கிறோம். ஆனால் அந்தச் சொல்லில் துண்டு இல்லை. அடைத்து நிரப்பிய மெத்தையைக் குறிக்கும் ‘குல்கிதா’ என்ற லத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் குவில்ட் ஆனது. துண்டு இருப்பது ‘பீஸ்’ என்பதில். அதுவும் பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். கட்பீஸ், பீஸ் ரேட், லெக் பீஸ் என்று நாமும் அதைத் தாராளமாகப் புழங்குகிறோம்.

சரி, பீஸ்டு என்பதற்கு எது பொருந்தும்? முதலில் வாயில் வருவது ‘ஒட்டு’. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒட்டுப் போடுவது என்றால் கிழிசல் மேல் வேறொரு துண்டை வைத்துத் தைப்பது. துணி மேல் துணி ஏறும். இங்கே ஓரத்தோடு ஓரத்தைச் சேர்க்கிறோம். அதற்கு நம்மிடம் ‘மூட்டுதல்’ இருக்கிறது. கைலியின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பதை மூட்டுவது என்போமே, அதேதான். முழங்கால் மூட்டும் இரண்டு எலும்பு சேரும் இடம்தானே.

பேக்கிங்குக்கு ‘உள்துணி’ சரிவராது. அது சட்டைக்குள் இருக்கும் லைனிங். இது போர்வையின் மறுமுகம், வெளியே தெரிவது. அதனால் அடித்துணி. இரண்டையும் சேர்த்தால் ‘மூட்டிய அடித்துணி’.

மூட்டுவது ஏழைகளின் சிக்கனம் மட்டும் இல்லை. குவில்ட்டுக்கான பருத்தித் துணி பொதுவாக 42 முதல் 44 அங்குல அகலம்தான் வரும். கட்டிலுக்கான போர்வை அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். புதுத்துணி வாங்கினாலும் மூட்டியே ஆகவேண்டும். 1930களில் அமெரிக்கக் கிராமத்துப் பெண்கள் மாவு வந்த பருத்திச் சாக்குகளைப் பிரித்து மூட்டினார்கள்.

மூட்டில்தான் தொழில்நுட்பமும் இருக்கிறது. முகத்துணியில் கால் அங்குலம் விட்டுத் தைப்பவர்கள் அடித்துணியில் அரை அங்குலம் விடுவார்கள். இழுவை தாங்கவேண்டும். தையலுக்கு விட்ட ஓரங்களை இருபக்கமும் விரித்துவிட்டு இஸ்திரி போட்டால் தடிப்பு பரவிவிடும். தறியில் நெய்யும்போதே துணியின் இருபக்கமும் கெட்டியாக வரும் ஓரத்தை வெட்டி எறிவது நல்லது. மற்ற இடத்தைவிட இறுக்கமாக இருப்பதால் அது சுருக்கும். நட்ட நடுவில் மூட்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். போர்வையை மடிப்பது அங்கேதான். நான்கு பக்கமும் முகத்துணியைவிடச் சில அங்குலம் கூடுதலாக விடவேண்டும்.

வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டால் ‘காந்தா’. அந்தப் பெயரின் மூலம் கந்தா என்ற வடசொல். நம் ‘கந்தை’யும் அங்கிருந்து வந்ததே. அங்கே கலைப்பொருளான சொல், இங்கே ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்ற அளவில் நின்றுவிட்டது. குவில்ட்டைக் கந்தை என்று சொல்லிக் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்துப் பாருங்கள், தெரியும்!

எங்கள் தெருத் தையல்காரரிடம் ஒருமுறை பீஸ்டு பேக்கிங் வேண்டும் என்றேன். “பார்சலா சார்?” என்றார். துணிகளைக் காட்டி, “இதையெல்லாம் மூட்டிக் கொடுங்க, அடித்துணிக்கு” என்றதும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எவ்வளவு அகலம் வேணும்?”