சிட்டையில் வெட்டிய எட்டு வீதம் எங்கே போகிறது? இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் சேமலாப நிதியும் பணிக்கொடையும்

மாதச் சம்பளச் சிட்டையில் அட்வான்ஸ், தேயிலைத்தூள், கோயில், சங்கச் சந்தா என்று கழிவுகள் இறங்கிவரும் வரிசையில் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கும் ஒரு தொகை இருக்கும். அந்தக் காசு உங்கள் கூலியிலிருந்து வெட்டப்பட்டது என்பதற்குத்தான் சிட்டை சாட்சி. மத்திய வங்கியில் உங்கள் கணக்கில் விழுந்தது என்பதற்கு அது சாட்சியல்ல. இந்த வித்தியாசம் பலருக்கு வேலையை விட்டு நிற்கும் நாளில்தான் தெரியவருகிறது. அதற்குள் தோட்டத்தை நடத்தும் துரை மாறியிருப்பார், கிளாக்கர் மாறியிருப்பார், பழைய செக்ரோல் (வேலை நாட்களைப் பதியும் பேரேடு) எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் பங்கு 8 வீதம், நிர்வாகத்தின் பங்கு 12 வீதம். நாட்கூலி 1,350 ரூபாய் என்றும், மாதத்தில் 25 முழுப்பேர் (முழுநாள் வேலை) என்றும் வைத்துக்கொள்வோம். உழைப்பு 33,750 ரூபாய். உங்களிடம் வெட்டுவது 2,700, நிர்வாகம் தன் கையிலிருந்து போட வேண்டியது 4,050. இரண்டும் சேர்த்து 6,750 ரூபாய் அடுத்த மாதம் முடிவதற்குள் நிதிக்குப் போய்ச் சேர வேண்டும். இதுதவிர இன்னொரு சேமிப்பான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், அதாவது 1,012 ரூபாய் 50 சதம். அது முழுவதும் நிர்வாகத்தின் பொறுப்பு, உங்களிடம் ஒரு சதமும் வெட்ட முடியாது.

வெட்டிய 2,700 ரூபாய் உங்கள் கூலி. அதைத் தோட்டச் செலவுக்குத் திருப்பிவிட்டு "பிறகு கட்டுவோம்" என்பது நிர்வாகத்தின் பணக்கஷ்டம் என்று பேசித் தீர்க்கும் விஷயமல்ல. அடுத்தவர் காசில் கை வைப்பது. பிந்திக் கட்டினால் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம்வரை மேலதிகக் கட்டணம் ஏறும். உரிய மாதத்தில் உங்கள் பங்கை வெட்ட மறந்துவிட்டு, பிந்திய சம்பளத்தில் சேர்த்து வெட்டவும் முடியாது. அந்தப் பங்கையும் நிர்வாகமே கட்ட வேண்டும்.

தற்காலிகம், கெஷுவல் என்று சொல்லி ஒதுக்குவதும் சட்டப்படி செல்லாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவருக்கும், கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறார் என்பதற்காக மட்டும் அது இல்லாமல் போகாது. தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்து, பச்சைக் கொழுந்துக்கு மட்டும் காசு தரும் முறைக்குக் கையெழுத்துக் கேட்டால், அந்தத் தாளில் உங்களைத் தொழிலாளி என்று எழுதியிருக்கிறார்களா, வேறு ஏதாவது பெயரிலா என்று முதலில் வாசிப்பித்துப் பாருங்கள். சேமலாப நிதி சத்தமில்லாமல் நின்றுபோகும் இடம் அதுதான்.

கணக்கைப் பார்ப்பது கடினமில்லை. அங்கத்துவ இலக்கத்தில் மூன்று பகுதி உண்டு: வலய எழுத்து, தொழில்தருநரின் (நிர்வாகத்தின்) இலக்கம், உங்கள் இலக்கம். மத்திய வங்கியிலிருந்து வரும் கணக்குக் கூற்று தோட்ட அலுவலகம் வழியாகவே வரும், கேட்டு வாங்குங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 12 மாதத்துக்கு 81,000 ரூபாய் புதிதாகச் சேர்ந்திருக்க வேண்டும். அரைப்பேர் விழுந்த நாட்களால் கொஞ்சம் குறையலாம். பாதியாகக் குறைந்திருந்தால் மாதங்கள் விடுபட்டிருக்கின்றன. சிட்டைகளை ஒரு பைக்குள் போட்டு, லயத்து வீட்டில் மழை ஒழுகாத மூலையில் வையுங்கள். பிறகு எழும்பும் எந்த வழக்குக்கும் அவைதான் உயிர்.

நேர்மையான நிர்வாகத்தின் கீழும் காசு மாட்டிக்கொள்வது பெயரில். செக்ரோலில் ராமாயி, அடையாள அட்டையில் ராமாயம்மா, பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் காணவே இல்லை. 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கைமாறியது போன்ற சமயங்களில் தொழில்தருநர் இலக்கமும் மாறுவதால், ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று கணக்குகளும் இருக்கலாம். வேலையில் இருக்கும்போதே அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்துப் பெயரைத் திருத்திக்கொண்டால், விட்டு நின்ற பிறகு கிராம உத்தியோகத்தரின் கடிதம், சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி என்று அலைய வேண்டியதில்லை.

காசு விடுபட்டிருப்பது தெரிந்தால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய இடங்களில் அலுவலகங்கள் உண்டு. தோட்டம், டிவிஷன், அங்கத்துவ இலக்கம், விடுபட்ட மாதங்கள், சிட்டைப் பிரதிகள் எல்லாம் இருக்க வேண்டும். "எனக்குக் காசு வரவில்லை" என்று மட்டும் எழுதிய கடிதம் நகராது. பத்துப் பேருக்கு ஒரே குறை என்றால் பத்துப் பேரும் சேர்ந்து எழுதுங்கள். தனியாளாக ஒருவர்மேல் கண் விழாது. நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள், அல்லது பதிவுத்தபாலில் அனுப்புங்கள். தொழில் உத்தியோகத்தர் விசாரித்து நிலுவையைக் கணக்கிட்ட பின்பும் நிர்வாகம் கட்டாவிட்டால், திணைக்களம் சான்றிதழ் ஒன்றை நீதவான் நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, தண்டப்பணம்போல அறவிட முடியும். வழக்கு நடத்துவது திணைக்களம். தொழிலாளி வக்கீலுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை.

சேமலாப நிதியை மீளப்பெற ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது. திருமணத்துக்காக வேலையை விடும் பெண்ணும், வேலை செய்ய முடியாத நிரந்தர இயலாமைக்கு ஆளானவரும் முன்னரே பெறலாம். 'கே' என்ற விண்ணப்பப் படிவத்தோடு அடையாள அட்டை, அங்கத்துவ விவரம், வங்கிப் புத்தகம் கொண்டுபோங்கள். கணக்கு இரண்டு மூன்று இருந்தால் எல்லா இலக்கங்களையும் எழுதுங்கள்.

வேலையை விட்டு நிற்கும்போது நிர்வாகம் தர வேண்டிய, சர்வீஸ் காசு என்று சொல்லப்படும் பணிக்கொடைக்கு வேறு சட்டம், 1983 இன் 12 ஆம் இலக்கம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில் 5 வருடம் முடித்திருந்தால் போதும், வயது பார்ப்பதில்லை. தானாக விலகினாலும் உரிமை உண்டு, இறந்தால் வாரிசுகளுக்கு. நாட்கூலிக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும், கடைசியாக வாங்கிய கூலிப்படி 14 நாள் சம்பளம். 1,350 ரூபாய் கூலியில் 30 வருடம் உழைத்தவருக்கு 14 × 1,350 × 30, அதாவது 567,000 ரூபாய். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் 10 முதல் 30 வீதம் மேலதிகம். தவணையாகத் தருவோம், புது வருடம் கழியட்டும் என்ற பேச்சுக்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை. கணக்கில் குறை வருவது பெரும்பாலும் வருட எண்ணிக்கையில்தான்: சேர்ந்த திகதியைத் தள்ளிப் போட்டால் ஒரு வருடத்துக்கு 18,900 ரூபாய் போய்விடும். தொகையைப் பார்த்தவுடன் கையெழுத்துப் போடாமல் வருடங்களை எண்ணுங்கள்.

படிவத்தை "மேலே தள்ள" யாராவது கைச்செலவு கேட்டால், அவர் தரகரோ உத்தியோகத்தரோ, கொடுக்காதீர்கள். அரச உத்தியோகத்தருக்கு இலஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் 2023 இன் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் குற்றம். கேட்டவரின் பதவி, இடம், திகதி, தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, காசு கொடுக்கும் முன்பே இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

முறைப்பாடு கிடப்பில் கிடந்தால் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். தொழில் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு, என் முறைப்பாட்டின்மேல் எந்தத் திகதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தையும் அதைக் கொடுத்த திகதியையும் கடிதத்தின் முதல் வரியிலேயே போடுங்கள். இல்லாவிட்டால் எந்தக் கோப்பு என்று தேடுவதிலேயே அந்த 14 நாளும் ஓடிவிடும்.